பீரோவின் மேல் ஏறிய பை

மேடையில் ஒருவரை அறிமுகம் செய்யும்போது பெயரில் தொடங்க வேண்டும், பதவியில் சற்றே நிற்க வேண்டும், பெருமையில் முடிக்க வேண்டும். நான் பயின்ற பேச்சுக்கலையின் முதல் பாடம் இது. இவரைப் பற்றிப் பேச எழும்போது மட்டும் அந்தப் பாடம் எனக்கு உதவுவதில்லை. மர்பி டவுனில் எங்கள் சந்து முழுமைக்கும் அவர் ‘அக்கா’. வயதில் அவரைவிட மூத்த என் தந்தைக்கும் அக்கா. பால் பாக்கெட் போட வருபவருக்கும் அக்கா. அவருடைய தங்கை வாய் ஓயாமல் அழைத்த அழைப்பு அது. தங்கை மணமாகி அமெரிக்கா போய்விட்டார். அழைப்பு மட்டும் சந்திலேயே தங்கிவிட்டது.

பதவி என்றால், அல்சூரில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் முன்மேசையில் அமர்ந்து, வருவோருக்கு நேரம் குறித்துக் கொடுப்பவர். பெருமை என்றால், அவர் வீட்டுக்குள் நுழைந்து பார்த்தவர்களுக்கே தெரியும்.

நுழைந்தவுடன் முதலில் காணாமல் போவது நம் கையிலுள்ள பை. புத்தகப் பையானாலும் காய்கறிப் பையானாலும் பேசிக்கொண்டே வாங்கிவிடுவார். உள்ளறையில் பச்சை வண்ண இரும்பு பீரோ ஒன்று உண்டு. முக்காலி போட்டு ஏறி, பையை அதன் தலையில் வைத்துவிட்டு வந்து, ஒன்றுமே நடவாதது போல, “காப்பியா, டீயா?” என்பார். ஏற்றுவதற்குக் கிடைத்த முக்காலி இறக்குவதற்கு மட்டும் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

“அக்கா, நாளைக்குப் போட்டி இருக்கு. பையைக் குடுங்க, கெளம்புறேன்.”

“ஸ்வல்ப இருடி. வெளிய நாய் படுத்திருக்கு. அது எந்திரிச்சுப் போவட்டும்.”

“அது நம்ம தெரு நாய்க்கா. என்னைப் பாத்தா வாலாட்டும்.”

“வாலாட்டுற நாயத்தான் நம்பக் கூடாது. உக்காரு.”

நாய் இல்லாத நாளில் மழை வரும்போல் இருக்கும். வானம் வெளுத்துக் கிடந்தால் அடுப்பில் பால் இருக்கும். பாலும் இல்லையென்றால், சொல்ல மறந்த செய்தி ஒன்று அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வரும். “சரி, போயிட்டு வா” என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. சந்தில் எவருமே கேட்டதில்லை. அவர் வீட்டிலிருந்து நாங்கள் விடைபெற்றதே கிடையாது. அவர் பேசிக்கொண்டிருக்கையில் பாதிப் பேச்சில் நழுவித்தான் வந்திருக்கிறோம்.

வீட்டுக்கு வந்தவரிடம் எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்பது அவருடைய அகராதியில் வசைச்சொல். “கேட்டாலே தொரத்துன மாதிரிதான்” என்பார். இந்த நெறிக்கு மறுபக்கமும் உண்டு. விருந்தாகப் போன இடத்தில் நாமாகக் கிளம்புகிறேன் என்பதும் அவருக்குக் குற்றமே. “வா வான்னு கூப்ட்டவங்க மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்காது? வீட்டுக்காரங்கதான் அனுப்பணும்.” வீட்டுக்காரர் அனுப்பவும் கூடாது, வந்தவர் கிளம்பவும் கூடாது என்றால் மனிதர்கள் எப்படித்தான் வீடு திரும்புவது என்று நான் ஒருமுறை வாதிட்டேன். “பேச்சாளரம்மா, காப்பி ஆறுது” என்பதே மறுப்புரையாகக் கிடைத்தது.

இதே பெண்மணியை அலுவல் நேரத்தில் பார்க்க வேண்டும். கடைவாய்ப் பல் வலியோடு ஒருநாள் கிளினிக்குக்குப் போனேன். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“நாலு பத்துக்கு வரணும். நாலே காலுக்கு வந்தா வேற ஆள் உள்ள போயிடுவாங்க.”

“அக்கா, நான்தான்க்கா!”

“இங்க யாரும் யாரும் இல்ல. நாலு பத்து.”

ஊருக்கெல்லாம் மணி குறித்துத் தந்தவரின் வீட்டில் கடிகாரத்துக்கு மட்டும் அதிகாரம் இல்லை. நேரம் என்பது கிளினிக்கின் முன்மேசையோடு முடிந்துபோகும் ஒரு சில்லறை விவகாரம் என்றே அவர் கருதினார்.

அந்தக் கருத்து ஒருநாள் சென்னையில், விசா நேர்காணல் நடக்கும் கண்ணாடிச் சன்னலின் முன் போய் நின்றது.

தாயும் தந்தையும் இல்லாத தங்கையை வளர்த்து, படிக்க வைத்து, மணமுடித்து அனுப்பியவர் அக்கா. தமக்கென்று குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை. தங்கை இங்கே வந்துபோய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. வந்தால், திரும்பிச் செல்லத் தம் விசாவுக்குப் புதிய முத்திரை பெற வேண்டும். அது தாமதமானால் அங்குள்ள வேலை போய்விடும். தங்கையால் வர இயலாது. ஆகவே அக்கா போக வேண்டும். வழக்கு இவ்வளவுதான்.

காலைதோறும் கைப்பேசியில் இருவரும் முகம் பார்த்துப் பேசுவார்கள். அக்கா கைப்பேசியைப் பிடிக்கும் அழகில், அந்தப் பக்கம் தெரிவது அவருடைய நெற்றி மட்டுமே. “அக்கா, மூஞ்சியக் காட்டு. உன் நெத்தியவே எவ்ளோ நேரம் பாக்குறது?” என்று தங்கை கத்துவார். பேச்சு முடிந்த பிறகும் இருண்ட திரையைக் கையில் வைத்தபடி அக்கா அமர்ந்திருப்பார். ஒருமுறை, என்னிடம் சொல்வது போலவும் அந்தத் திரையிடம் சொல்வது போலவும் சொன்னார்: “அவ தலமுடி கொட்டிப் போச்சு. நேர்ல பாத்தா எண்ண வெச்சு விடலாம். இதுல எப்படி வெக்கிறது?”

அந்தக் கைகள்தான் சென்னையிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன் நீட்டின. விசா மறுக்கப்பட்டிருந்தது. அன்று அவர் என் பையை வாங்க மறந்துபோனார்.

“இன்னா கேட்டாங்கக்கா?”

“எதுக்குப் போறேன்னாங்க. எந் தங்கச்சியப் பாக்கன்னேன். ஜன்னலுக்கு உள்ள இருந்தது நல்ல பொண்ணுதான். தமிழ்கூட பேசுச்சு, கொழந்தைங்க பேசுற மாதிரி.”

“அப்புறம்?”

“எவ்ளோ நாள் இருப்பீங்கன்னு கேட்டுச்சு. அத எந் தங்கச்சி இல்ல சொல்லணும்?”

“ஐயோ! அப்படியேவா சொன்னீங்க?”

“வேற எப்படிச் சொல்றது? எப்ப திரும்பி வருவீங்கன்னுச்சு. அவ அனுப்பும்போதுன்னேன். அனுப்பலைன்னா இன்னா பண்ணுவீங்கன்னுச்சு. அனுப்பலைன்னா எப்படிம்மா வர்றதுன்னேன்.”

சிரிப்பும் வருத்தமும் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வரும் தருணங்கள் மேடையில் வாய்ப்பதில்லை. அன்று எனக்கு வாய்த்தது. சுற்றுலா விசா கேட்பவர் அங்கேயே தங்கிவிடத்தான் வருகிறார் என்பது அந்நாட்டுச் சட்டத்தின் முன்முடிவு. அப்படியில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு கேட்பவருடையது. கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை, குடியிருப்பது வாடகை வீடு. இத்தனை இல்லைகளோடு போன ஒருவர், திரும்பி வருவது என் கையில் இல்லை என்று தாமே அறிவித்துவிட்டு வந்திருந்தார்.

“இதுல நான் இன்னாடி தப்பா சொன்னேன்?” என்றார். உண்மையாகவே கேட்டார்.

மறுநாள் தங்கை என்னை அழைத்தார். “பாப்பா, நீ பேச்சுல கப்பெல்லாம் வாங்குறவளாமே. மறுபடி அப்ளை பண்ணலாம், ஒண்ணும் தடையில்ல. அவளுக்குப் பதில் சொல்ல மட்டும் சொல்லிக் குடு. நான் சொன்னா அழறா.”

என் ஆற்றலின் மீது எனக்கிருந்த நம்பிக்கைக்கு அந்நாளில் எல்லை இருந்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒத்திகையை ஏற்பாடு செய்தேன். அக்கா வீட்டின் தெருச்சன்னல்தான் தூதரகச் சன்னல். நான் உள்ளே நாற்காலியில். அவர் வெளியே சந்தில், கம்பிக்கு அப்பால், விசாத் தாள்கள் வைத்த கோப்பை மார்போடு அணைத்தபடி.

“இதப் பாருடி. என் வீட்டு ஜன்னல்லயே என்னை வெளிய நிக்க வெச்சுட்ட.”

“ஆபீசர்கிட்ட ‘டி’ போட்டுப் பேசக் கூடாது. அமெரிக்காவுக்கு ஏன் போறீங்க?”

“தங்கச்சியப் பாக்க. வெயில்ல நிக்கிறனே, உள்ள வந்து சொல்லட்டா?”

அவ்வழியே தள்ளுவண்டியில் கீரை விற்று வந்தவர் நின்று, கனிவோடு கன்னடத்தில், “ஏனம்மா, கீ களெதோய்தா?” என்றார். சாவி தொலைந்துவிட்டதென்று எண்ணிவிட்டார். அக்கா திரும்பி, “இல்லப்பா, அமெரிக்காகெ ஹோக்தா இத்தீனி” என்றார். போய்க்கொண்டிருக்கிறாராம்! கீரைக்காரர் அக்கா கையிலிருந்த தாள்களையும் பார்த்து, என்னையும் பார்த்து, இரண்டு கட்டு கீரையைச் சன்னல் திண்டில் வைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

திரும்பி வருவதைப் பற்றிய விடையை நான் மூன்று பகுதிகளாக எழுதி வைத்திருந்தேன். பிறந்த மண், பார்க்கும் வேலை, பழகிய மனிதர்கள் என்று அது படிப்படியாக உயர்ந்து ஓர் உச்சத்தில் முடியும். அக்கா கவனமாகக் கேட்டார். “நல்லா இருக்குடி. இத நான் சொன்னா அந்தப் பொண்ணு கை தட்டும். விசா தராது.”

“சரி, விடுங்க. தேதியை மட்டுமாவது சொல்லுங்க. ‘ஜூலை மாசம் திரும்பி வந்துடுவேன்.’ இவ்வளவுதான்.”

வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். “அவ வூட்டு வாசப்படியே இன்னும் மிதிக்கல. அதுக்குள்ள நான் கெளம்புற நாள யாரோ ஒருத்தர்கிட்ட சொல்றதா? அவ காதுல விழுந்தா?”

“அவங்கதான்க்கா சொல்லச் சொன்னதே!”

“அவ சொல்லுவா. மனசுக்குள்ள வலிக்கும்.”

அந்த மாலை தோல்வியைத் தங்கைக்குத் தெரிவித்தேன். அவர் சொன்னார்: “அம்மா போனப்புறம் கோலார்ல ஒரு சொந்தக்காரங்க வீட்ல இருந்தோம். நான் சின்னவ. அந்த அத்தை வாயத் தொறந்து போன்னு சொன்னதே இல்ல. தெனம் காலைல நாங்க எந்திரிக்கிறதுக்குள்ள எங்க பையை எடுத்து வாசப்படிகிட்ட வெச்சிருப்பாங்க. அக்கா அதத் தூக்கிட்டு வந்து மறுபடி உள்ள வெப்பா. மறுநாள் மறுபடி வாசல்ல இருக்கும்.”

அதற்கு மேல் அவர் விளக்கவில்லை, எனக்கும் தேவைப்படவில்லை. பச்சை பீரோவின் உயரத்தை அன்றுதான் அளந்தேன்.

ஒத்திகையைக் கைவிட்டேன். அவர் நாவிலிருந்து அந்தத் தேதியைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டாம் விண்ணப்பத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. கிளினிக் மருத்துவர் விடுப்புக் கடிதம் கொடுத்துவிட்டார். விடை மட்டும் இல்லை.

அந்த நாள்களில்தான் தில்லியில் சட்டக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தது. முதலில் அக்காவிடம்தான் ஓடினேன். பையை வாங்கினார், மேலே ஏற்றினார், என் கன்னத்தை இரு கைகளாலும் வழித்துத் தம் நெற்றிப்பொட்டில் சொடுக்கினார். எப்போது போகிறாய் என்று கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார். நானே சொன்னேன், ஆகஸ்டு தொடக்கத்தில் என்று.

“அப்ப அதுக்கு முன்னாடி ஒருநாள் எங்க வூட்ல சாப்புடணும். சும்மா காப்பிக்கு இல்ல. உன்ன முறையா கூப்ட்டு விருந்து வெக்கணும். களியும் கறிக்கொழம்பும். ஜூலை கடைசி ஞாயித்துக்கெழம வா.”

“வரேன்க்கா.”

“வரேன்னு சொல்லிட்டு வராம இருந்துராத. நான் அன்னிக்குக் காலைலயே...” என்று தொடங்கியவர் நின்றுவிட்டார். சுவரில் புத்தர் படத்துக்குப் பக்கத்தில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “ஏன்டி, உன்னக் கூப்ட்டுட்டு நான் வூட்ல இல்லாமப் போனா அசிங்கமில்ல? நான் வந்துதானே ஆவணும்?”

“அக்கா!” என்று கத்திவிட்டேன். “இதையே சொல்லுங்க. அங்க போய் இதையே சொல்லுங்க.”

அழைத்துவிட்டு வீட்டைப் பூட்டி வைப்பதைவிடப் பெரிய இழிவை அந்தப் பெண்மணி அறியார். கிளம்பும் நாளை அவரால் சொல்ல முடியாது. ஆனால் விருந்தினர் வரும் நாளை நெஞ்சு நிமிர்ந்து சொல்ல முடியும். என் மூன்று பகுதி உரையால் ஆகாதது ஒரு கறிக்குழம்பால் ஆயிற்று.

சென்னையில் இம்முறை ஓர் இளைஞர். சென்ற முறை மறுக்கப்பட்டதே, இப்போது என்ன மாறியிருக்கிறது என்று கேட்டாராம். “ஜூலை கடைசி ஞாயித்துக்கெழம ஒரு பொண்ணச் சாப்புடக் கூப்ட்டிருக்கேன் சார். நான்தான் சமைக்கணும்” என்றாராம் அக்கா. அந்தப் பெண் யார், உறவா என்று கேட்டதற்கு, “எதுத்த வூடு. வக்கீலுக்குப் படிக்கப் போவுது. வராம இருந்தா என்மேல கேஸ் போட்டுரும்” என்றாராம். அந்த விடையால்தான் விசா கிடைத்தது என்று நான் வாதிட மாட்டேன். மருத்துவர் கடிதமும் இருந்தது, பல ஆண்டு வேலையும் இருந்தது. அக்கா மட்டும் ஐயமின்றி நம்பினார். “இன்னா சமைப்பீங்கன்னு கேட்டாருடி. சொன்னேன். சிரிச்சிட்டு, பாஸ்போர்ட்ட உள்ள வெச்சுக்கிட்டாரு.”

ஜூனில் அக்கா போனார். எதிர்வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. பள்ளி நாள் முதல் எத்தனையோ மாலைகளில் அந்த வீட்டிலிருந்து தப்பி வர வழி தேடியவள் நான். இப்போது மாலையானால் கால்கள் தாமாகச் சந்தின் குறுக்கே நடந்து, பூட்டைப் பார்த்துத் திரும்பின. பையை யாரும் வாங்காத தோளுக்குப் பாரம் கூடியது. எங்கள் தெரு நாய் அவர் படியில் படுத்துக் கிடந்தது. யாரையும் தடுக்க வேண்டிய வேலை அதற்கும் இல்லை.

இன்று தில்லியில் விடுதி அறையில் இதை எழுதுகிறேன். இங்கு என் அறைக்கு வரும் தோழியர் பையைத் தோளிலிருந்து இறக்குவதில்லை. நின்றபடியே பேசி, நின்றபடியே போகிறார்கள். நானும் அவர்களுடைய அறைகளில் அவ்வாறே நிற்கிறேன். பேச வேண்டியவை அனைத்தும் முடிந்துவிடுகின்றன. முடியாமல் போன பேச்சுக்குத்தான் மனம் ஏங்குகிறது.

நான் தில்லிக்குக் கிளம்பும் முன்பே, சொன்னபடி அக்கா திரும்பி வந்தார். ஜூலை மாதத்துக் கடைசி ஞாயிறன்று காலையில் சந்து முழுவதும் மசாலா வாசனை. நான் புதுச் சுடிதார் அணிந்து, வெளியூர் விருந்தாளி போல வாசலில் நின்று கூப்பிட்டேன். பை மேலே ஏறியது. களி உருண்டை, கறிக்குழம்பு, சன்னல் திண்டின் கடனைத் தீர்ப்பது போல் கீரைப் பொரியல். நான் உண்ண, அவர் எதிரே அமர்ந்து பார்த்தார்.

“நல்லா பாத்துக்கிட்டாங்களாக்கா?”

“போன அன்னிக்கே என் பெட்டிய வாங்கிட்டாடி. அவங்க வூட்ல கூரைக்கடியில ஒரு அட்டம் இருக்கு, ஏணி போட்டு ஏறணும். அங்க கொண்டு போய் வெச்சுட்டா. வெச்சுட்டு வந்து, காப்பியா டீயான்னு கேக்குறா.” சிரித்தார். “தெனம் எண்ண வெச்சு விட்டேன். எனக்கு அவ, அவளுக்கு நான். கெளம்புற பேச்ச அவளும் எடுக்கல, நானும் எடுக்கல. டிக்கெட் தேதி ரெண்டு பேருக்கும் தெரியும். யாரு வாயத் தொறக்குறது?”

“யார் தொறந்தா?”

“நாந்தான். வேற வழி? ‘எனக்கு வூட்டுக்கு விருந்தாளி வருதுடி’ன்னேன். அவ போய் ஏணிய எடுத்தா.”

குழம்பு ஊற்ற எழுந்தவர் கரண்டியோடு நின்றார்.

“ஏர்போர்ட்டுல, ‘இன்னும் நேரம் இருக்குக்கா, உக்காரு. கூட்டம் கொறையட்டும் உக்காரு. காப்பி வாங்கியாறேன்’னு பிடிச்சு வெச்சுக்கிட்டே இருந்தா. என்னையே பாத்த மாதிரி இருந்துச்சு. கடேசில அவ ஏதோ சொல்லிட்டே இருந்தா. இன்னான்னுகூட முழுசா கேக்கல. பாதிப் பேச்சுல வந்துட்டேன்டி.”

கரண்டியிலிருந்து குழம்பு சொட்டியது. அவர் கவனிக்கவில்லை.

உண்டு முடித்து, கை கழுவி, மேலும் நெடுநேரம் இருந்தேன். எங்கள் வீட்டில் தில்லிக்குக் கட்ட வேண்டிய பெட்டிகள் திறந்தபடி கிடந்தன. எழுந்தேன். “கெளம்புறேங்க்கா” என்றேன். நாயா, மழையா, பாலா என்று காத்து நின்றேன்.

அக்கா உள்ளே போனார். முக்காலி இழுபடும் ஓசை கேட்டது. பையை இறக்கி, முந்தானையால் தூசு தட்டி, கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். முகத்தை ஏறிட்டுப் பார்த்தார்.

“போயிட்டு வா.”

சிறு வயது முதல் அந்த வாசலில் நான் கேட்டுக் காத்திருந்த சொல். கிடைத்த பிறகு கால் நகரவில்லை. எத்தனையோ அவைகளில் தடையின்றி ஓடிய நாவில் அன்று வந்தது ஒரே ஒரு வாக்கியம்.

“அக்கா, வெளிய நாய் படுத்திருக்கு.”

சந்தில் நாய் இல்லை. அவர் எட்டிப் பார்க்கவில்லை. என் கையிலிருந்து பையை மறுபடி வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.